காணிப்பாக்கத்தில் நான் செய்யாத சத்தியம்

முதல் கொப்புளம் இடது விலாவில் வந்தது. ஒரு வியாழக்கிழமை. காலைப் பால் அளந்து முடிந்து எட்டு மணி இருக்கும். சட்டையைக் கழற்றும்போது எரிந்தது. ‘மூன்று கொப்புளங்கள்’ என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமைக்குள் எண்ண முடியாத அளவுக்கு ஆகிவிட்டன. முதுகெலும்பிலிருந்து மார்புவரை ஒரு பட்டைபோலப் பரவியிருந்தன.

அக்கி என்றாள் என் மனைவி கோமளா. எங்கள் பக்கத்தில் அக்கிக்குக் காவிக் கல்லைக் குழைத்து உடம்பில் எழுதுவார்கள். பக்கத்து ஊர்க் குயவர் மூன்று நாள் வந்து என் விலாவில் எழுதினார். “குளிச்சி அழிச்சிடாத, எழுத்து தானா உதிரணும்” என்றார். பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். என்மேல் இன்னொருவர் எழுதியது அதுதான் முதல் முறை. அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஒரு நாள் விடாமல் என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. பிறகு சொல்கிறேன்.

ஆந்திராவின் குடிபாலா மண்டலத்தில், வேலூர் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிராமத்தில், வீட்டை ஒட்டியே பால் சேகரிப்பு நிலையம் நடத்துகிறேன். காலையும் மாலையும் நாற்பத்து மூன்று பேர் பால் ஊற்றுகிறார்கள். அடர்த்தி பார்த்து, கொழுப்பு பார்த்து, அளந்து எழுதுவது என் வேலை. அதனால்தானோ என்னவோ, எதையும் எழுதாமல் விட்டால் அது நடக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

நான்கு மாதம் கழித்து வலது பக்கத்திலும் அக்கி வந்தது. இந்த முறை சித்தூரில் ஒரு மருத்துவரிடம் போனேன். “ஒருவாட்டி வந்தா ஆயின்மெண்ட் குடுத்து அனுப்பிடுவேன். நாலு மாசத்துல ரெண்டுவாட்டின்னா ரத்தம் பாக்கணும்” என்றார். ரத்தம் கொடுத்தேன். மறுநாள் என்னைத் தனியறையில் உட்காரவைத்துச் சொன்னார்கள். எச்ஐவி (உடம்பின் எதிர்ப்பு ஆற்றலை மெல்ல மெல்ல அரிக்கும் கிருமி).

அந்த அறையில் நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. “இத எந்தத் தேதியில எழுதணும் சார்? டெஸ்ட் பண்ண தேதியா, கிருமி வந்த தேதியா?” என்று கேட்டேன். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டாவது தேதிய எந்த டெஸ்டும் சொல்லாது” என்றார்.

சித்தூரிலேயே சிகிச்சை எடுத்திருக்கலாம். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று திருப்பதியைக் கேட்டு வாங்கினேன். பால் கம்பெனி மீட்டிங் என்று வீட்டில் பொய் சொன்னேன். புத்தலப்பட்டு தாண்டும்வரை பஸ்ஸில் தலையைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தேன். ஏன் புத்தலப்பட்டு, ஏன் அதற்கு முன்னோ பின்னோ இல்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த மாதங்களில் நான் செய்த பலவற்றுக்கும் இதுதான் பதில்.

திருப்பதி சிகிச்சை மையத்தின் வராந்தாவில் ஐம்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் சுவரில் இருந்த குடிநீர்க் குழாய்ப் பயன்பாடு பற்றிய அறிவிப்பையே படித்துக்கொண்டிருந்தோம். நானும் மூன்று முறை படித்தேன்.

அங்கே ஆலோசகர் பாரதி மேடம் தெலுங்கும் தமிழுமாகப் பேசுவார். சிடி4 (உடம்பைக் காக்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை) இருநூற்றுக்குக் கொஞ்சம் மேலே என்றார். தினம் ஒரு மாத்திரை, மூன்று மருந்துகள் சேர்ந்தது, ஒரே நேரத்தில், ஆயுள் முழுக்க. மாலைப் பால் முடிகிற ஏழு மணியைத் தேர்ந்தெடுத்தேன்.

“எப்படி வந்துச்சுன்னு எழுதிக்க மாட்டீங்களா மேடம்?” என்றேன்.

“எப்படி வந்ததுன்னு பாத்து மாத்திரை குடுக்கறதில்ல அண்ணா. வந்தவங்க எல்லாருக்கும் ஒரே மாத்திரைதான்.”

“எனக்குத் தெரியணுமே.”

“தெரிஞ்சா மாத்திரை மாறுமா?” என்றவர், குரலைத் தாழ்த்தி, “முதல்ல வதினம்மாவ கூட்டிக்கினு வாங்க. அவங்களுக்கு டெஸ்ட் பண்ணணும். அதுதான் அவசரம்” என்றார். வதினம்மா என்றால் அண்ணி.

அதுதான் அவசரம். அதை எழுதிக்கொண்டு வந்தேன். செய்யவில்லை.

மாறாக நாட்குறிப்புகளைப் புரட்டினேன். பரணிலிருந்து பத்தொன்பது புத்தகங்களையும் இறக்கி, காரணத்தைத் தேடினேன். ஒரு குடலிறக்க அறுவை சிகிச்சை. ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஊருக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் காய்ச்சலுக்கு ஏழு ஊசிகள். பிறகு, எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, பாலின் கொழுப்பு பார்க்கும் கருவிக்கான பயிற்சிக்கு வெளியூர் போன இரண்டு நாட்கள். முதல் நாள் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் நாளின் பக்கம் காலி. தேதி மட்டும் இருக்கிறது.

அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதவில்லை. ஆனால் கிருமி அன்றுதான் வந்ததா, பாட்டிலில் வந்ததா, ஊசியில் வந்ததா என்பது தெரியாது. மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். மறுநாள் தாளைக் கிழித்தேன். அதற்கடுத்த நாள் மறுபடி எழுதினேன்.

வீட்டில் என் தட்டை நானே கழுவினேன். தம்ளரைத் தனியாக வைத்தேன். தட்டிலும் தம்ளரிலும் பரவாது என்று மேடம் சொல்லியிருந்தார், நானும் அதை எழுதியிருந்தேன், ஆனாலும் கழுவினேன். கோமளா பக்கத்தில் வந்தால் அக்கி வலிக்கிறது என்றேன். மாத்திரைகளை லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் கருவி) வைக்கும் மரப்பெட்டியில் பஞ்சுக்குக் கீழே ஒளித்தேன். ஏழு மணிக்கு நிலையத்தின் பின்னால் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி விழுங்குவேன்.

இரண்டாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கைகள் இரண்டும் பாலாக இருந்தன. போன் அடித்தது. முழங்கையால் அழுத்தினேன். ஸ்பீக்கர் ஆகிவிட்டது.

“அண்ணா, மந்து வேசுகுன்னாரா?”

மருந்து போட்டுக்கொண்டீர்களா என்று பாரதி மேடம் கேட்டார். அவ்வளவுதான். வாசலில் கோமளா காலி கேனோடு நின்றிருந்தாள்.

தெலுங்கில் மந்து என்றால் மருந்து. சாராயத்துக்கும் பிராந்திக்கும் பீருக்கும் அதே பெயர்தான். எல்லையில் இருக்கும் எங்கள் தமிழிலும் அப்படியே. ‘அவன் மந்து போடுவான்’ என்றால் யாரும் மாத்திரையை நினைக்கமாட்டார்கள்.

“யார்யா அவ?”

“ஆபீஸ்ல.”

“நீ மந்து போட்டியா இல்லியான்னு ஆபீஸ்ல எதுக்கு விசாரிக்கறாங்க? ஊத்திக் குடுக்கற வேல பாக்கறாளா அவ?”

ஏழு மணிக்குச் சுவர்ப்பக்கம் திரும்புவது, மீட்டிங் என்று திருப்பதி போவது, தனித் தம்ளர், தள்ளிப் படுப்பது எல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் கூடிவிட்டன. விடை மட்டும் தப்பு.

“வெள்ளிக்கெழம காணிப்பாக்கம் போறோம். சத்தியம் பண்ணு. அப்பறம்தான் வூட்ல சோறு” என்றாள்.

எங்கள் மாவட்டத்தில் இது வழக்கம். குளத்தில் மூழ்கி, ஈரத்துணியோடு விநாயகர் முன்னால் நின்று சத்தியம் செய்வார்கள். அங்கே செய்த சத்தியத்தை யாரும் மீறமாட்டார்கள் என்று நம்பிக்கை. குடியை விடுகிறவர்களும் அங்கேதான் வருவார்கள். ‘மந்து முட்டனு’. மந்தைத் தொடமாட்டேன். இரண்டு சொற்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் குளத்தில் மூழ்கி எழுந்தேன். கோமளா படியில் துண்டோடு நின்றாள். எனக்குக் குடிப்பழக்கமே இல்லை. அந்த இரண்டு சொற்களைச் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். எந்த மந்து என்று சாமிக்குத் தெரியும் என்று ஒரு மனம் சொன்னது. சொல் சொல்தான், நீ எழுதுகிற எழுத்துபோல என்று இன்னொரு மனம். எனக்கு இன்றுவரை எது சரி என்று தெரியாது. ஆனால் வாய் வரவில்லை.

“வா, ஈரம் காயறதுக்குள்ள சொல்லிடு. ரெண்டே வார்த்த.”

“முடியாது.”

“சாமி வாசல்ல நின்னுக்கினு வுட முடியாதுன்றியா?”

“வுட்டா செத்துடுவேன் கோமளா.”

“எல்லாக் குடிகாரனும் இதத்தான் சொல்றான்.”

“எனக்கு எச்ஐவி. மந்துன்னா மாத்திர. நான் குடிக்கறதே இல்ல.”

கடைசி வாக்கியம்தான் அவளுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது. “குடிக்கறது இல்லியா?” என்றாள். அவள் முகத்தில் நிம்மதி வந்தது. நான் பார்த்தேன். பிறகு முதல் வாக்கியம் போய்ச் சேர்ந்தது.

படியில் உட்கார்ந்தாள். துண்டை மடியில் வைத்துக்கொண்டு, “எனக்கும் இருக்குமா?” என்றாள்.

“தெரியாது.”

“உனக்கு எப்பலேந்து தெரியும்?”

“அம்பத்தெட்டு நாளா.”

“எண்ணிக்கினு இருந்திருக்க” என்றாள். “சொல்லணும்னு தோணல.”

சத்தியம் செய்யாமல் திரும்பினோம்.

திங்கட்கிழமை அவளுக்குப் பரிசோதனை. முடிவுக்காக வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கோமளா படித்தது தெலுங்குப் பள்ளியில். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. நாட்குறிப்புகளைப் பூட்டி வைக்காமல் நான் பரணில் விட்டிருந்ததற்கு அதுதான் தைரியம்.

அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். “தூசி தட்டும்போது புரட்டுவேன். நீ எழுதற அரவம் எனக்குப் படிக்க வராது. எழுதாதத படிக்க வரும்.”

தெலுங்குக்காரர்கள் தமிழை அரவம் என்பார்கள்.

“எட்டு வருசமா அந்தக் காலிப் பக்கத்தப் பாத்துக்கினு கீறேன்” என்றாள். “ட்ரெய்னிங் போனப்ப.”

“ஆமா” என்றேன். அந்த ஒரு நாளைப் பற்றி அங்கேயே சொன்னேன். நாலு வாக்கியம். அவள் கேட்டுக்கொண்டாள். கிருமி அன்றுதான் வந்தது என்று நிச்சயமில்லை என்றும் சொன்னேன். “அத ஏன்யா இப்ப சொல்ற? எனக்கா, உனக்கா?” என்றாள்.

அவளுக்கு இல்லை என்று வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தோம். இல்லை. இத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து எப்படி என்று கேட்டேன். சில தம்பதிகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் மருத்துவர். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்குக் குழப்பம் கூடியது. அப்படியானால் எட்டு ஆண்டு என்பது தப்பா? கோமளா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். “இல்லன்னா இல்ல. வா, இட்லி துன்னுட்டுப் போலாம்.”

அவள் என்னை மன்னித்தாளா என்று வாசகர்கள் கேட்கலாம். தெரியாது. ஒன்றரை மாதம் தனி அறையில் படுத்தாள். கோபம் நோயின்மேல் இல்லை, காலிப் பக்கத்தின்மேல். ஆனால் முதல் நாளிலிருந்தே சரியாக ஏழு மணிக்குச் சமையலறையிலிருந்து கத்துவாள்: “யோவ், மந்து போட்டியா?” தெருவுக்கே கேட்கும்.

மகள் ரேவதி திருப்பதியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளிடம் போனில் சொன்னேன். அழுதாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள். “நைனா, எல்லாம் படிச்சிட்டேன். மாத்திர விடாம போட்டா ஒண்ணும் ஆவாதாம். நீ மறக்கவே மாட்ட. உனக்குத்தான் அதவிடப் பெரிய வியாதி கீதே, எழுதற வியாதி.”

ஆறாவது மாதம் வைரஸ் அளவு (ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு) பார்த்தார்கள். கண்டறிய முடியவில்லை என்று வந்தது. போய்விட்டதா என்றேன். “போகல. அளவுல வரல. மாத்திரையை நிறுத்தினா வரும். இப்படியே இருக்கறவரைக்கும் உங்க மனைவிக்கு உங்ககிட்டேந்து பரவாது” என்றார் மருத்துவர். இருக்கிறது, ஆனால் அளவில் வரவில்லை. அளந்து பிழைக்கிற எனக்கு இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று புரியவில்லை.

இதற்குள் ஊரில் என்னைக் குடிகாரன் என்று முடிவு செய்துவிட்டார்கள். தினமும் ஏழு மணிக்குப் பெண்டாட்டி மந்து போட்டியா என்று கேட்கிற வீடு. கோமளாவின் தம்பி முனிரத்தினம் பால் வரிசையில் நின்றுகொண்டு, “மாமா கை நடுங்கறதுக்குள்ள என் கொழுப்பப் பாத்துடுங்கப்பா” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்தப் பெயர் எனக்குச் சௌகரியமாக இருந்தது. குடிகாரனுக்கு ஊரில் ஒரு இடம் இருக்கிறது. அவன் கையில் பால் கொடுப்பார்கள்.

திருப்பதி வராந்தாவில் என் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவரை மூன்று முறை பார்த்திருந்தேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தனபால் என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயர் இல்லை. அவர் சுவர் அறிவிப்பைப் படிப்பார். நானும் படிப்பேன். நான்காம் முறை அவர் வரவில்லை. ஐந்தாம் முறையும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரில் அவர் ஆட்டோவில் இரண்டு முறை ஏறினேன். மழையைப் பற்றிப் பேசினோம்.

ஆவணியில் தனபால் இறந்தார். எலும்பாக இருந்தார். சாவுக்குப் போய்விட்டு வந்த மறுநாள் மாலை, பால் வரிசையில் அதே பேச்சாக இருந்தது.

“மந்துதான் அவன கொண்ணுது” என்றான் முனிரத்தினம். பிறகு என் பக்கம் திரும்பி, “மாமா, நீயும் பாத்துக்கோ. அக்காவ தனியா வுட்டுட்டுப் போய்டாத” என்றான். இந்த முறை கேலி இல்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

லாக்டோமீட்டர் பாலில் ஆடிக்கொண்டிருந்தது. மந்து கொல்லவில்லை, மந்து இல்லாததுதான் கொன்றது என்று சொல்ல வாய்வரை வந்தது. அது தனபாலின் ரகசியம். சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்னிடம் இருந்தது என்னுடையது மட்டும்தான்.

“முனிரத்தினம், நான் குடிக்கறது இல்ல. எனக்கு எச்ஐவி கீது. ஏழு மணிக்குப் போடறது அதுக்கு மாத்திர. பத்து மாசமா போடறேன். அத வுட்டாத்தான் சாவு” என்றேன். மரப்பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்துக் காட்டினேன்.

வரிசையில் பதினாறு பேர் இருந்தார்கள். முனிரத்தினம் தன் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். ஒருவர் பின் ஒருவராக ஏழு பேர் போனார்கள்.

மீதி இருந்தவர்களில் முதலாவதாக நின்ற அம்சம்மா கேனைக் கீழே வைக்காமல், “பாலத் தொட்டா ஒட்டுமா?” என்றாள்.

“ஒட்டாது. பக்கத்துல உக்காந்தாலும், சேந்து துன்னாலும் ஒட்டாது.”

கேனைக் கீழே வைத்தாள். “அப்ப சரி. நேத்து என் கொழுப்பக் கம்மியா போட்டுட்ட. அத முதல்ல சரி பண்ணு.”

இந்த இடத்தில் நல்ல முடிவாக எழுத ஆசை. ஆனால் நடந்தது இதுதான்: பதினொரு பேர் பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போய்விட்டார்கள். கம்பெனியிலிருந்து வந்தவர், மருத்துவரின் கடிதம் கொண்டுவரும்வரை கருவியைத் தொட வேண்டாம் என்றார். கடிதம் கொடுத்தேன். ஒன்பது நாள் கோமளா அளந்தாள், நான் எழுதினேன். டீக்கடையில் எனக்கு மட்டும் காகிதக் கப் வந்தது. அடுத்த மாதம் கண்ணாடித் தம்ளர் வந்தது. பதினொரு பேரில் ஏழு பேர் திரும்பினார்கள். நான்கு பேர் இன்னும் வரவில்லை. அவர்களில் இரண்டு பேர் என் சொந்தக்காரர்கள்.

முனிரத்தினம் இருபத்தாறாம் நாள் வந்தான். கேனை வைத்தான். “இத்தன மாசமா உன்னக் குடிகாரன்னு சொல்லிக்கினு திரிஞ்சேனே, தடுத்திருக்கக் கூடாதா மாமா?” என்றான். ஏன் தடுக்கவில்லை என்று நான் விளக்கப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டு அவன் பாலை அளந்தேன்.

தனபாலிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. இப்போது திருப்பதி வராந்தாவில் அறிவிப்பைப் படிக்கிறவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்த ஊர் என்று கேட்கிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். சிலர் சொல்கிறார்கள்.

நீங்கள் இதைப் படிப்பது அப்படி ஒரு வராந்தாவில் என்றால், காரணம் தேடுவதை நான் இன்னும் முழுக்க விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விடச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அதைத் தேடிய நாட்களில் கோமளா பரிசோதிக்கப்படாமல் இருந்தாள். அந்த வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் கோமளா மறுபடி என்னைக் காணிப்பாக்கம் அழைத்துப் போனாள். பாக்கி வைக்கக் கூடாது என்றாள். குளத்தில் மூழ்கினேன். இந்த முறை ஈரத்துணியோடு சந்நிதிவரை போனேன். எனக்கு முன்னால் ஒரு இளைஞன் மந்து முட்டனு என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே போனான். என் முறை வந்தது.

“மந்து வதலனு” என்றேன். மந்தை விடமாட்டேன்.

அர்ச்சகர் நிமிர்ந்து பார்த்தார். “முட்டனு. முட்டனு அனி செப்பண்டி” என்று, தொடமாட்டேன் எனச் சொல்லும்படி திருத்தினார்.

“வதலனுதான் சாமி. அவருக்கு அதுதான்” என்றாள் கோமளா பின்னாலிருந்து.

என் உடம்பைப் பற்றி முன்பு எனக்கு எந்த எண்ணமும் இருந்ததில்லை; கேனைத் தூக்குவதற்கு அது இருந்தது. இப்போது அதற்குள் அளவில் வராத ஒன்று இருக்கிறது என்று தெரிந்தே அதைக் குளிப்பாட்டுகிறேன், சட்டை போடுகிறேன். விலாவில் அக்கித் தழும்பு எழுதி அழித்ததுபோல மங்கலாக இருக்கிறது. மழை நாளில் அது அரிக்கும். அரித்தால் இடது கை தானாக அங்கே போகிறது.

காலிப் பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அதை இப்போது நிரப்பலாமா என்று கோமளாவிடம் கேட்டேன். “எனக்குப் படிக்கத் தெரிஞ்ச பக்கம் அது ஒண்ணுதான், வுட்ரு” என்றாள்.

நாட்குறிப்பை முன்பு காலையில், பாலுக்குப் போகும் முன் தேதி போட்டுத் தொடங்குவேன். இப்போது அப்படி இல்லை. மாலை ஏழு மணிக்குக் குரல் வருகிறது. சுவர்ப்பக்கம் திரும்பாமல், வரிசையில் மிஞ்சி நிற்பவர்கள் பார்க்க விழுங்குகிறேன். தேதியை அதற்குப் பிறகுதான் போடுகிறேன். அதுவரை அந்த நாள் என்னுடையதா என்று எனக்குச் சரியாகத் தெரிவதில்லை.